ரொட்டித் துண்டும் ரெக்கார்டரும்: நாஜிக் கொடுமையிலிருந்து உயிர்பிழைத்த யூதர்களின் கதைகளைப் பதிந்து காப்பது எப்படி

டொராண்டோவில் பாதர்ஸ்ட் சாலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு வாரம் ஒரு தடவை தொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். யூதர்கள் அதிகம் வசிக்கும் பகுதி அது. அங்கே ஒரு பாட்டி, சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்போதெல்லாம் ஒரு ரொட்டித் துண்டைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வார். அறையைப் பெருக்க வருகிறவர்கள் தலையணைக்கு அடியிலிருந்து காய்ந்த ரொட்டிகளை எடுத்துக் குப்பையில் போடுவார்கள். மறுநாள் இன்னொரு துண்டு வந்து சேரும். "பசிக்காக வைக்கவில்லை. இருக்கிறது என்று தெரிந்தால்தான் தூக்கம் வருகிறது" என்றார் ஒருநாள், அவராகவே. என் சட்டைப் பையில் போன் இருந்தது. எங்கே, எப்போது வந்த பழக்கம் என்று ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. கோடை விடுமுறை முடிந்து திரும்பியபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார்.

நாஜிக் கொடுமையிலிருந்து உயிர்பிழைத்த யூதர்களின் கதைகளைப் பதியும் இந்த வேலைக்குள் நான் வந்தது அப்படித்தான். வரலாறு படித்தவன் இல்லை. ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய், பேட்டி எடுப்பவர்களுக்குக் கம்பி சுருட்டி, பிறர் எடுத்த பேட்டிகளை எழுத்தாக்கி, தப்பு செய்து கற்றுக்கொண்டேன். டொராண்டோ, லண்டன், பாரிஸ், மெல்போர்ன் என்று உயிர்பிழைத்தவர்கள் குடியேறிய ஊர்களில் நம்மவர்களும் நிறையப் பேர் இருக்கிறோம். முதியோர் இல்லங்களில் அவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, போர்த்திவிடுகிறவர்களில் தமிழ்ப் பெண்கள் உண்டு. காதுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறோம், அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

ஜெர்மனியிடமிருந்து இழப்பீடு பெற்றுத்தர 1951இல் உருவான கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் என்ற அமைப்பு, 2024 ஜனவரியில் ஒரு கணக்கு வெளியிட்டது. அன்றைக்கு உயிரோடு இருந்தவர்கள் ஏறத்தாழ 2,45,000 பேர், 90க்கும் மேற்பட்ட நாடுகளில். அவர்களை வயதுப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு வயது 86. அதாவது, இன்று நாம் சந்திக்கக்கூடியவர்கள் அனேகமாக எல்லோருமே இரண்டாம் உலகப்போரின்போது குழந்தைகள். முகாம் கமாண்டரின் பெயரோ ரயில் புறப்பட்ட தேதியோ அவர்களிடம் கிடைக்காது. அம்மாவின் மேல்கோட்டு என்ன நிறம், ஒளிந்திருந்த அறையில் என்ன வாசம் என்பது கிடைக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் தேடுங்கள்

ஒருவர் உயிர்பிழைத்தவர் என்று தெரிந்ததும் போனை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். அவர் ஏற்கெனவே பேசியிருக்கலாம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994இல் தொடங்கிய ஷோவா அறக்கட்டளை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 56 நாடுகளில், 32 மொழிகளில், ஏறத்தாழ 52,000 பேரை வீடியோவில் பதிவு செய்துவிட்டது. இப்போது அது தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஃபார்ட்டுனாஃப் காப்பகம் அதைவிட மூத்தது. 1979இல் நியூ ஹேவன் ஊரில் ஒரு மனநல மருத்துவரும் தொலைக்காட்சிக்காரர் ஒருவரும் சேர்ந்து தொடங்கிய முயற்சி, இன்று 4,400க்கும் அதிகமான சாட்சியங்களாக நிற்கிறது. வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (நாஜிகள் செய்த யூத இனப்படுகொலை) அருங்காட்சியகம், ஜெருசலேமில் உள்ள யாத் வாஷெம் நினைவகம் ஆகியவற்றின் பட்டியல்களையும் வீட்டிலிருந்தே தேடலாம்.

பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டுக் கையை விரிக்காதீர்கள். போலந்துப் பள்ளியில் ஒரு எழுத்துக்கூட்டல், ஜெர்மன் குமாஸ்தா எழுதியது வேறொன்று, கனடாவில் கப்பலை விட்டு இறங்கியபின் மூன்றாவது. பெண்களுக்குத் திருமணத்துக்கு முந்தைய பெயர் தனி. ஜெர்மனியின் பாட் ஆரோல்சன் என்ற சிற்றூரில் முகாம் அட்டைகளும் பட்டியல்களுமாக ஏறத்தாழ 3 கோடி ஆவணங்களை வைத்திருக்கும் ஆரோல்சன் காப்பகத்தில், இந்தத் தொல்லைக்காகவே பெயர் அட்டைகளை ஒலிப்பின்படி அடுக்கினார்கள். குடும்பத்தார் எழுதிக் கேட்டால் காசில்லாமல் தேடித் தருகிறார்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே இந்தக் கடிதத்தை முதலில் போட்டுவிடுங்கள்.

பழைய பேட்டி கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பொருளில்லை. அது எடுத்தபோது அவருக்கு 60 வயது இருந்திருக்கும். பிள்ளைகள் அடுத்த அறையில் இருந்ததால் சிலதைச் சொல்லாமல் விட்டிருப்பார். முழுக்கதையையும் மறுபடி கேட்டு அவரை வதைக்காமல், விட்டுப்போனதை மட்டும் கேட்கலாம். ஆல்பத்தில் பெயரில்லாமல் கிடக்கும் முகங்களுக்குப் பெயர் எழுதி வாங்குவதே ஒரு மாத வேலை.

சம்மதம்

இல்லத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பராமரிப்பு வேலையின்போது காதில் விழுவதைத் திருட்டுத்தனமாகப் பதியாதீர்கள். நல்லெண்ணம் இருந்தாலும் அது தப்பு, வேலையும் போகும். நிர்வாகத்திடமும் குடும்பத்திடமும் பேசி, வேலை நேரத்துக்கு வெளியே செய்யுங்கள். மறதி நோய் முற்றியவர்களிடம் பேட்டியே வேண்டாம். அவர்களுக்கு நினைவு திரும்புவது வேறு மாதிரி. ஷவர் தண்ணீர், வரிசையில் நிற்கச் சொல்லும் குரல், தாழ்வாரத்தில் பூட்ஸ் சத்தம், நாய் குரைப்பு, இவற்றில் ஏதோ ஒன்று போதும், 80 வருடம் பின்னால் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்வதுதான் வேலை.

தெளிவாக இருப்பவர்களிடம் ஒரு பக்கத் தாளில் சம்மதம் எழுதி வாங்குங்கள். பதிவு யாருக்குச் சொந்தம், எங்கே வைக்கப்படும், யார் பார்க்கலாம், உடனேயா அல்லது அவர் காலத்துக்குப் பிறகா, மனம் மாறினால் எப்படித் திரும்பப் பெறுவது. இந்த ஐந்தும் இருந்தால் போதும். பெரிய காப்பகங்கள் தங்கள் படிவத்தையே தருவார்கள், எங்கே ஒப்படைக்கப் போகிறீர்கள் என்பதை முன்பே முடிவு செய்தால் அதையே பயன்படுத்தலாம். தாளை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். "அதிகாரிகள் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் எங்கள் வீடு போனது" என்று ஒரு தாத்தா என்னிடம் சொன்னார். அவர் கையெழுத்திட மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். காத்திருந்தோம்.

வீட்டுப்பாடம்

பேட்டிக்கு ஒரு வாரம் முன்னால் கேமரா இல்லாமல் ஒரு தடவை போய் உட்காருங்கள். பிறந்த ஊர், பெற்றோர் பெயர், உடன்பிறந்தவர்கள், எந்தெந்த இடங்களில் இருந்தார், எப்போது விடுதலை. எலும்புக்கூடு மாதிரி இவ்வளவு குறித்துக்கொண்டால் போதும். கதைக்குள் அப்போதே நுழைய விடாதீர்கள். முதல் தடவை சொல்லும்போது இருக்கும் உயிர் இரண்டாம் தடவை இருக்காது. "அதை அன்றைக்கு விரிவாகக் கேட்கிறேன்" என்று மெல்ல நிறுத்தலாம்.

பிறகு வரைபடத்தை எடுங்கள். முன்காச் என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப்போர் வரை ஆஸ்திரியா-ஹங்கேரி. அப்புறம் செக்கோஸ்லோவாக்கியா. 1938 நவம்பரில் மறுபடி ஹங்கேரி. போர் முடிந்ததும் சோவியத் யூனியன். 1991 முதல் உக்ரைன், பெயரும் முகாச்செவோ. ஊரை விட்டு நகராமலே ஒரு குடும்பம் ஐந்து கொடியைப் பார்த்திருக்கிறது. 1944 வசந்தத்தில் அங்குள்ள யூதர்களைச் செங்கல் சூளைகளில் அடைத்து வைத்து, மே மாதம் நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள். ஹங்கேரியின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலிருந்து மே 15க்கும் ஜூலை 9க்கும் இடையில் இப்படி அனுப்பப்பட்டவர்கள் 4,30,000க்கும் மேல். இதெல்லாம் தெரியாமல் போய் "நீங்கள் எந்த நாட்டுக்காரர்?" என்று கேட்டால், பாட்டி உங்களை மேலும் கீழும் பார்ப்பார். "வீட்டில் என்ன மொழி, பள்ளியில் என்ன மொழி, சந்தையில் என்ன மொழி?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி), பள்ளியில் செக், அப்பாவுக்குக் கோபம் வந்தால் ஹங்கேரியன் என்று ஒரு ஊரே எழுந்து வரும்.

இன்னொரு சங்கடத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். "கையில் எண் குத்தியிருக்கிறார்களா?" என்று கேட்காதீர்கள். கைதிகளுக்கு எண் பச்சை குத்தியது ஆஷ்விட்ஸ் முகாமில் மட்டும்தான். அங்கும் நேராக விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எண்ணே கிடையாது. யூதர்களை அடைத்து வைத்த நகர்ப்பகுதியான கெட்டோவில் இருந்தவர்கள், கன்னிமாடத்தில் ஒளித்து வைக்கப்பட்டவர்கள், காட்டில் திரிந்தவர்கள், சோவியத் உள்நாட்டுக்குத் தப்பி உஸ்பெகிஸ்தானில் பசியோடு போரைக் கழித்த போலந்து யூதர்கள், பெற்றோரை விட்டுத் தனியாக இங்கிலாந்துக்கு ரயிலேறிய ஏறத்தாழ 10,000 குழந்தைகள், எல்லோருக்கும் கதை உண்டு. "நான் முகாமுக்குப் போகவில்லை, என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை" என்று தட்டிக்கழிப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். அந்த எண் கேள்வி அவர்கள் வாயை அடைத்துவிடும்.

கருவிகள்

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், குரல் தெளிவாக இல்லையென்றால் எல்லாம் வீண். சட்டையில் மாட்டும் கம்பி மைக் ஒன்று வாங்குங்கள். போனிலேயே பதிவதானால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஒலியை வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுங்கள். முடிந்தால் தனி ரெக்கார்டர் ஒன்றும் கூடவே ஓடட்டும். ஃப்ரிட்ஜை அணைக்கலாம், திரும்பப் போட மறக்காமலிருக்கக் கார் சாவியை அதற்குள் வைப்பது என் வழக்கம். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அடுத்த அறையில் வையுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்காதீர்கள், முகம் இருட்டாகிவிடும். கேமராவைக் கண் மட்டத்தில் நிறுத்திவிட்டு அதை மறந்துவிடுங்கள். அழும்போது முகத்தை நெருங்கிக் காட்டுவது சினிமா வேலை, இங்கே தேவையில்லை.

நாள் குறிப்பதில் கவனம் வேண்டும். வெள்ளி சூரிய அஸ்தமனம் முதல் சனி இரவு வரை ஷபாத், யூதர்களின் வார ஓய்வு நாள். அதைக் கடைப்பிடிக்கும் வீடுகளில் மின்கருவியைத் தொட மாட்டார்கள். நம் வழக்கப்படி வெறுங்கையோடு போகக் கூடாது என்று வடை சுட்டு எடுத்துப் போகாதீர்கள். நான் போனேன். கோஷர் என்ற யூத உணவு விதிப்படி வாழும் வீடு அது. அந்த அம்மா வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் பத்து நிமிடம் தவித்தார். நறுக்காத பழமோ பூவோ போதும்.

பேச்சு

வீட்டிலிருந்து தொடங்குங்கள். "காலையில் உங்களை யார் எழுப்புவார்கள்?" "அடுப்படி எப்படி இருக்கும்?" "வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன வாசம் வரும்?" ஷோவா அறக்கட்டளை பேட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போருக்கு முந்தைய வாழ்க்கைக்கும், ஐந்தில் ஒரு பங்கு பிந்தையதற்கும் ஒதுக்கச் சொன்னார்கள். வியன்னாவில் இயங்கும் சென்ட்ரோப்பா இன்னும் ஒரு படி மேலே போய், மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் முதியவர்களின் குடும்ப ஆல்பங்களை வைத்துக்கொண்டு முழு வாழ்க்கையையும் கேட்டது. கொல்லப்பட்டவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று மட்டும் கேட்டால், கொன்றவர்கள் விட்டுவைத்த பக்கத்தை மட்டும் பதிகிறோம். அந்த அப்பா சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார் என்பதும் பதிவில் இருக்கட்டும்.

எப்படிக் கேட்பது என்பதில் இரண்டு வழி உண்டு. ஷோவா அறக்கட்டளை காலவரிசையாக, கேள்வி கேட்டு நகர்த்தும். யேல்காரர்கள் சாட்சியின் கையில் கடிவாளத்தைக் கொடுத்துவிட்டு, தெளிவு வேண்டியபோது மட்டும் குறுக்கிடுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் புதியவர்கள் காலவரிசையில் தொடங்கி, அவர் பேச்சு தானாக ஓடத் தொடங்கியதும் வழிவிடுவது நல்லது. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை விடுங்கள். "ஏன் ஓடிப்போகவில்லை?" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், அது கேள்வி வேடத்தில் வரும் குற்றச்சாட்டு. "அப்போது உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது?" என்று கேட்டால் அதே விஷயம் வேறு வெளிச்சத்தில் வரும்.

மௌனம் வரும். அது பத்து நொடி நீடித்தாலே நமக்குக் கை கால் பதறும், ஏதாவது பேசி நிரப்பிவிடுவோம். எழுத்தாக்கும்போது என் பழைய பேட்டிகளில் எனக்கு அவமானமாக இருப்பது இதுதான். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு ஏதோ சொல்ல வருவார், நான் "பரவாயில்லை, அடுத்ததுக்குப் போகலாம்" என்பேன். அடுத்ததுக்குப் போய்விட்டார், அந்த வார்த்தை போயே போனது. காலால் தரையை அழுத்திக்கொண்டு உட்காருங்கள். தண்ணீரை அருகில் நகர்த்தி வையுங்கள். அவரே பேசுவார், இல்லையென்றால் அவரே கையை அசைத்து வேண்டாம் என்பார். அதுவும் பதிவாகட்டும்.

என்னோடு பயிற்சி எடுத்த தோழி ஒருத்தி ஈழத்திலிருந்து வந்தவள், முதியோர் இல்லத்தில்தான் வேலை. ஒரு பாட்டி நிலவறைக்குள் ஒளிந்திருந்ததைச் சொல்லும்போது இவளுக்குப் பங்கர் ஞாபகம். வெளியே வந்ததும், "அண்ணா, எனக்கும் சொல்ல வாய் வந்திட்டுது. நாக்கைக் கடிச்சுக்கொண்டு இருந்தனான்" என்றாள். நாக்கைக் கடித்தது நல்லதாகப் போயிற்று. "எங்களுக்கும் அப்படித்தான்" என்ற ஒரு சொல் போதும், எதிரே இருப்பவர் மரியாதைக்குத் தன் கதையை நிறுத்திவிட்டு நம் கதையைக் கேட்க ஆரம்பித்துவிடுவார். கேமரா அணைந்து தேநீர் வந்தபிறகு அவள் சொன்னாள். இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுடையது, பதியவில்லை.

தப்பான தகவல் வந்தால் என்ன செய்வது? இதற்கு யேல் முயற்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டோரி லாப் சொன்ன ஒரு நிகழ்ச்சியைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. அவர் மனநல மருத்துவர், சிறுவயதில் தானே அந்தக் கொடுமையிலிருந்து தப்பியவர். ஆஷ்விட்ஸில் 1944 அக்டோபர் 7 அன்று, பிணமெரிக்கும் வேலையில் கட்டாயமாக வைக்கப்பட்ட யூதக் கைதிகள் கிளர்ச்சி செய்தார்கள். அதை நேரில் பார்த்த ஒரு பெண், நான்கு புகைபோக்கிகள் வெடித்துத் தீப்பிடித்தன என்று சாட்சியம் சொன்னார். பின்னால் அதைப் பார்த்த வரலாற்றாசிரியர்கள், அழிந்தது ஒன்றுதான், நான்கல்ல, இந்தச் சாட்சியத்தை நம்ப முடியாது என்றார்கள். லாப் ஒத்துக்கொள்ளவில்லை. நடக்கவே முடியாத ஒன்று அங்கே நடந்தது என்பதற்குத்தான் அந்தப் பெண் சாட்சி, எண்ணிக்கைக்கு அல்ல என்று வாதிட்டார்.

வரலாற்றாசிரியர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. இனப்படுகொலை நடக்கவே இல்லை என்று சாதிப்பவர்கள் இப்படிப்பட்ட பிழைகளைத்தான் பொறுக்கித் திரிகிறார்கள். ஆனாலும் பேட்டி நடுவில் திருத்தாதீர்கள், பதிவை வெட்டி ஒட்டாதீர்கள். சொன்னது சொன்னபடி இருக்கட்டும். சரியான எண்ணிக்கையைத் தனித்தாளில் குறிப்பாக எழுதி, நேரக்குறியோடு கூட வையுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்குமேல் போகாதீர்கள், மிச்சத்துக்கு இன்னொரு நாள் போகலாம். மோசமான இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து வரக் கூடாது. விடுதலைக்குப் பிறகும் கதை நீள்கிறது. பெர்கன்-பெல்சன் அகதி முகாமில் நடந்த கல்யாணங்கள், தையல் இயந்திரம், புது நாட்டின் முதல் குளிர்காலம் என்று கரையேற்றிக் கொண்டுவாருங்கள். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது துணைக்கு இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மறுநாள் காலை போன் செய்யுங்கள்.

படங்களும் காகிதங்களும்

பேட்டி முடிவில் படங்களை அவர் கையிலேயே கொடுத்து, கேமரா முன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு 600 டிபிஐயில் ஸ்கேன் எடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. பின்னால் பென்சிலில் எழுதிய நாலு எழுத்து சிலசமயம் முகத்தைவிட முக்கியம். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு எடுங்கள். லாமினேஷன், செலோடேப் இரண்டும் கூடவே கூடாது. அசல்கள் குடும்பத்திடமே இருக்கட்டும், கொடுப்பதாக இருந்தால் காப்பகத்துக்குக் கொடுக்கட்டும், உங்களிடம் வேண்டாம்.

எது முக்கியம் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். வார்சா கெட்டோவுக்குள் எம்மானுவேல் ரிங்கெல்ப்லும் என்ற வரலாற்றாசிரியர் ரகசியமாக ஒரு குழு அமைத்து ஆவணங்கள் சேர்த்தார். ஓனெக் ஷபாத் என்று அதற்குப் பெயர். கட்டுரை, டைரி, கடிதம் ஆகியவற்றோடு டிராம் டிக்கெட்டையும் மிட்டாய்க் காகிதத்தையும் எடுத்து வைத்தார்கள். தங்கள் முடிவு தெரிந்தபின், தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணுக்குள் புதைத்தார்கள். பெட்டிகள் 1946 செப்டம்பரில் கிடைத்தன, நன்றாக மூடாததால் உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது. பால் கேன்கள் 1950 டிசம்பரில் கிடைத்தன, அவற்றுக்குள் காகிதங்கள் நல்ல நிலையில் இருந்தன. மூன்றாவதாகப் புதைத்தது இன்றுவரை கிடைக்கவில்லை. ரிங்கெல்ப்லுமை 1944இல் சுட்டுக் கொன்றார்கள். அவர் குழுவில் பிழைத்தவர்கள் மூன்று பேர்தான். அவர்கள் இடம் சொல்லியிராவிட்டால் முதலில் கிடைத்த அந்தப் பெட்டிகள் இடிபாட்டுக்குள்தான் இருந்திருக்கும்.

அன்றிரவே செய்ய வேண்டியது

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, மூன்றாவது பாதுகாப்பான கிளவுடிலோ காப்பகத்திடமோ. இதைச் செய்யாமல் தூங்கப் போகாதீர்கள்.

கோப்புக்குப் பெயர் வைப்பது சின்ன விஷயம் என்று நினைப்போம். டேவிட் போடர் என்ற சிகாகோ உளவியலாளர் 1946இல் ஐரோப்பாவுக்குப் போய், அகதி முகாம்களில் இருந்தவர்களைக் காந்தக் கம்பியில் ஒலிப்பதிவு செய்தார். அப்போது டேப்கூடப் பரவலாகவில்லை, மெல்லிய எஃகுக் கம்பிச் சுருள்தான். ஏறத்தாழ 130 பேர், ஒன்பது மொழிகள், அவரவர் மொழியில் பேசச் சொன்னார். போர் முடிந்து ஒரு வருடம் சற்றே கடந்த நேரத்துக் குரல்கள் அவை. பிரான்ஸில் எனோன்வில் என்ற இடத்தில் அகதிகள் பாடிய பாட்டுச் சுருள் ஒன்று மட்டும் காணாமல் போயிருந்தது. 2017இல்தான் அது அக்ரன் பல்கலைக்கழகக் காப்பகத்தில் கிடைத்ததாக அறிவித்தார்கள். டப்பாவின் மேல் ஊர்ப்பெயர் ஓரிரு எழுத்து மாறி எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான். கிடைத்தபின் அதை ஓட்டிக் கேட்க ஒரு பழைய கருவியைத் தேடிப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. ஆகவே கோப்பின் பெயரில் தேதி, குடும்பப்பெயர், பகுதி எண் மூன்றையும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். 'புது ரெக்கார்டிங் 7' என்று விட்டுவிடாதீர்கள். கூடவே ஒரு உரைக்கோப்பில் இடம், மொழிகள், அறையில் இருந்தவர்கள், நடுவில் எப்போது நிறுத்தினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

எழுத்தாக்கம் பொறுமை வேலை, ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஆறேழு மணி நேரம் ஆகிறது. மென்பொருளைக் கொண்டு முதல் வரைவு எடுக்கலாம். ஆனால் இத்திஷ் வாடையுள்ள ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர்களை அது கண்டபடி போடும். ஒவ்வொரு பெயரையும் காதால் கேட்டுச் சரிபாருங்கள். சம்மதம் இல்லாமல் இலவசச் சேவைகளில் ஏற்றாதீர்கள். அவர் உடைந்த ஆங்கிலத்தில் பேசினால் உடைந்த ஆங்கிலமே இருக்கட்டும். நடுவில் இத்திஷில் ஒரு பழமொழி சொன்னால் அதை ஒலிப்புப்படியே எழுதி, பக்கத்தில் பொருளைக் குறியுங்கள். தமிழில் மொழிபெயர்ப்பதானாலும் இதே கதைதான், பாட்டியைத் தமிழ் வாத்தியார் மாதிரிப் பேச வைக்காதீர்கள்.

எங்கே ஒப்படைப்பது

நம் ஹார்ட் டிஸ்கில் இருப்பது காக்கப்பட்டதாகாது, நமக்கும் வயதாகும். அந்த ஊரிலேயே உள்ள நிறுவனத்தை முதலில் அணுகுங்கள். டொராண்டோவில் 2023இல் திறந்த ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகம், லண்டனில் வீனர் நூலகம், மெல்போர்னிலும் சிட்னியிலும் அருங்காட்சியகங்கள் உண்டு. வாங்கிக்கொள்வார்களா, எந்த வடிவில், நிபந்தனைகளை மதிப்பார்களா என்று எழுதிக் கேளுங்கள். குடும்பத்துக்கு ஒரு முழுப் பிரதி கட்டாயம். உருக்கமான இரண்டு நிமிடத்தை வெட்டிச் சமூக ஊடகத்தில் போடும் ஆசை வரும். சம்மதத் தாளில் அது இல்லையென்றால் இல்லைதான்.

சென்னையிலோ மதுரையிலோ இருக்கிறீர்கள், பேட்டிக்கு ஆளில்லை என்றால், ஆரோல்சன் காப்பகத்தின் 'எவ்ரி நேம் கவுண்ட்ஸ்' திட்டத்தில் சேரலாம். முகாம் அட்டையின் படம் திரையில் வரும். அதிலுள்ள பெயர், பிறந்த தேதி, ஊர் ஆகியவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரே அட்டையைப் பலர் தனித்தனியாகச் செய்து ஒப்பிடுவதால், நம் தப்பைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டியதில்லை.

பேட்டியின்போது வரும் இறந்தவர்களின் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். யாத் வாஷெம் 1950களிலிருந்து சாட்சியத் தாள் என்ற ஒன்றை நிரப்பி வாங்குகிறது. கொல்லப்பட்ட ஒருவருக்கு ஒரு தாள். பெயர், செல்லப்பெயர், பெற்றோர், ஊர், தொழில், தெரிந்த அளவுக்கு முடிவு. பிற ஆவணங்களையும் சேர்த்து அவர்களின் பெயர்த் தொகுப்பு ஏறத்தாழ 50 லட்சத்தை எட்டியிருக்கிறது. முதலில் தொகுப்பில் தேடுங்கள், உறவினர் யாராவது ஏற்கெனவே தாள் நிரப்பியிருப்பார்கள். அப்படி நிரப்பியவர் யார் என்று பார்த்து, இறந்துபோனதாக நினைத்த உறவினரைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு.

சம்மதத் தாளில் கையெழுத்திட மூன்று வாரம் எடுத்தாரே, அந்தத் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தான். நான்கு வயது. தாளில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "குழந்தை" என்றார். நிரப்பி முடித்து எழுத்துக்கூட்டலைப் பார்க்கச் சொல்லி நீட்டினால், அவர் தாளைப் பார்க்கவில்லை. "நீ வாசி" என்றார். வாசித்தேன். தம்பியின் செல்லப்பெயரை நான் தப்பாக உச்சரித்தேன் என்று திருத்தினார். மறுபடி வாசித்தேன், மறுபடி திருத்தினார். நாலாவது தடவை சரி என்று தலையாட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார்.